குடியம் காடும் அத்திரம்பாக்கமும்: கொசத்தலை ஆற்றங்கரையின் தொன்மை

திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு வடக்கிலும் வடமேற்கிலும் தாழ்வான குன்றுகளும் புதர்க்காடுகளும் பரந்து கிடக்கின்றன. இக்குன்றுகளுக்கு அல்லிக்குழி மலை என்று பெயர். மலை என்று சொன்னாலும் உயரம் மிகக் குறைவு. ஏற்காட்டையும் கொல்லிமலையையும் பார்த்தவர்கள் இதை மேடு என்றே சொல்வார்கள். இந்தக் குன்றுகளில்தான் குடியம் குகை உள்ளது. குன்றுகளின் அடிவாரச் சமவெளியில், கொசத்தலை ஆற்றுக்கு அருகில், அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. தெற்காசியாவில் மனித இனத்தின் வரலாற்றை எழுத விரும்பும் எவரும் இந்தச் சிற்றூரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டியின் இரும்பாலைகளும் உருக்காலைகளும், இன்னொரு பக்கம் திருவள்ளூர், திருப்பெரும்புதூர் வட்டாரங்களின் தொழிற்பேட்டைகளும் வளர்ந்துள்ளன. இடையில் இந்தக் காடு எஞ்சியிருக்கிறது. பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. சரணாலயம் என்ற பெயர்ப்பலகை இல்லாததால் சுற்றுலாப் பயணிகள் இங்கு அதிகம் வருவதில்லை.

ஆறு

கொசத்தலை ஆற்றை ஆங்கிலேயர் கால ஆவணங்கள் கொர்த்தலையார் என்று குறிப்பிடுகின்றன. இதன் நீளம் ஏறத்தாழ 136 கிலோமீட்டர். ஆந்திரப் பகுதியிலிருந்து வரும் நகரி ஆறும் நந்தி ஆறும் பூண்டிக்கு மேற்கே இதனுடன் சேர்கின்றன. பூண்டியைக் கடந்தபின் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, வல்லூர் அணைக்கட்டு ஆகியவற்றின் வழியே சென்று எண்ணூர்க் கழிமுகத்தில் வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் இது மணல் ஆறு. வடகிழக்குப் பருவமழை வலுத்த ஆண்டுகளில் மட்டும் இரு கரையும் தொட்டு ஓடும்.

இன்றுள்ள ஆற்றுப்பாதை எப்போதும் இதே இடத்தில் இருந்ததில்லை. பழைய கற்காலக் கருவிகள் கிடைக்கும் இடம் இன்றைய ஆற்றிலிருந்து சற்று விலகியே இருக்கிறது. வெள்ளச் சமவெளியில் ஆறு பலமுறை இடம் மாறியது. ஒவ்வொரு முறையும் களிமண்ணையும் சரளையையும் படிய வைத்துச் சென்றது. அந்தப் படிவுகளே இங்கு வரலாற்றின் பக்கங்கள்.

1863 செப்டம்பர் 28

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் பூட் 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில், சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில், மனிதன் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு அறிவியல் முறையில் அடையாளம் காணப்பட்ட முதல் சான்று அது. நான்கு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 28 அன்று, பூட்டும் அவருடைய துறைத் தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திற்கு வந்தனர். ஓடைகள் அரித்த சரிவுகளில் கைக்கோடரிகள் கிடந்தன.

அந்தக் கற்கள் அதற்கு முன்பும் அங்கேதான் கிடந்தன. மாடு மேய்த்தவர்களும் விறகு பொறுக்கியவர்களும் தினமும் அவற்றை மிதித்துச் சென்றிருப்பார்கள். பூட்டுக்கு மட்டும் அவை கருவிகளாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பூஷே டி பெர்த் என்பவர் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளையும் எடுத்து, மனிதன் மிகப் பழையவன் என்று பல ஆண்டுகளாக வாதாடி வந்தார். 1859இல்தான் ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து அதை ஏற்றுக்கொண்டனர். டார்வினின் நூல் வெளிவந்த ஆண்டும் அதுவே. ஐரோப்பாவில் எழுந்த அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள் அதே வகைக் கருவி சென்னைக்கு அருகிலும் கிடைத்தது. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கே அது அகப்பட்டது.

பூட் தம் வாழ்நாளில் சேர்த்த கருவிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. அவற்றின் பட்டியல் நூல் அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அவர் 1912இல் காலமானார். தென்னிந்தியக் கைக்கோடரிப் பண்பாட்டை ‘மதராசியப் பண்பாடு’ என்று தொல்லியலாளர் அழைக்கும் வழக்கம் பிற்காலத்தில் ஏற்பட்டது. 1930களில் வி. டி. கிருஷ்ணசாமியும், யேல் – கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த பேட்டர்சனும் இந்த ஆற்றங்கரையில் வடமதுரை உள்ளிட்ட இடங்களை ஆராய்ந்தனர்.

கருவிக்கான கல் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கான விடை காட்டுக்குள்ளேயே இருக்கிறது. அல்லிக்குழிக் குன்றுகள் ஒரே பாறையால் ஆனவை அல்ல. பழங்காலத்து நீரோட்டங்கள் உருட்டி வந்த கூழாங்கற்கள் மணலோடு இறுகி ஒட்டிய கூட்டுப்பாறை அது. கையளவு, தலையளவு உருண்டைக் கற்கள் பாறைச்சுவரில் பதிந்திருப்பதைக் குடியம் குகையிலேயே பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவை குவார்ட்சைட் எனப்படும் கடினமான கல். சரியான கோணத்தில் தட்டினால் கூர்மையான விளிம்போடு பெயரும். மழையில் பாறை கரைந்து உருண்டைகள் கீழே விழுந்து ஓடைகளில் சேர்ந்தன. அன்றைய மனிதனுக்குக் கருவிக்கான மூலப்பொருளும், நீரும், வேட்டை விலங்கும் சில மணி நேர நடைத்தொலைவில் கிடைத்தன.

இந்தப் பாறை அடுக்குகள் கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை, அதாவது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. இதே வட்டாரத்தின் திருப்பெரும்புதூர்ப் படிவுகளில் இலைகளின் பதிவுகள் கிடைக்கின்றன. டைலோபில்லம் என்ற, சைக்கஸ் மரத்தின் ஓலையை ஒத்த இலை இவற்றுள் பெயர்பெற்றது. அக்காலத்தில் பூக்கும் தாவரங்கள் உலகில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. ஆக, இங்கு காடு என்று சொல்லும்போது எந்தக் காடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. கல்லாகிப் போன காடு ஒன்று, கைக்கோடரி மனிதன் உலவிய வெளி ஒன்று, இன்றைய புதர்க்காடு ஒன்று. மூன்றும் வேறுவேறு. மாணவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பதினைந்து இலட்சம் ஆண்டுகள்

அத்திரம்பாக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு செய்தது. ஆனால் காலத்தைக் கணிக்கும் வழி அப்போது இல்லை. 1999இல் சாந்தி பப்பு தலைமையில் சர்மா பாரம்பரியக் கல்வி மையம் மீண்டும் அகழத் தொடங்கியது. ஏறத்தாழ 9 மீட்டர் கனமுள்ள படிவுகள் அடுக்கடுக்காக ஆராயப்பட்டன.

2011 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. அடியிலுள்ள களிமண் அடுக்குகளில் கிடைத்த அச்சூலியன் வகைக் கருவிகளின் சராசரி வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள். எப்படிப் பார்த்தாலும் 10.7 இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது. அதுவரை இந்தியக் கைக்கோடரிகள் ஐந்தாறு இலட்சம் ஆண்டுகள் பழையவை என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

இந்த வயதைக் கணித்த முறை எளிமையானது, அழகானதும்கூட. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், தரையின் மேற்பரப்பில் கிடக்கும் குவார்ட்சுக் கல்லில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்கத் தனிமங்களை மிகச் சிறிதளவு உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டுவதில்லை. உற்பத்தி நின்று சிதைவு மட்டும் தொடர்கிறது. அலுமினியம்-26 ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியம்-10 பாதியாக அதைப்போல் இருமடங்கு காலம் ஆகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரியும். அதோடு, களிமண்ணில் பதிந்திருந்த பூமியின் காந்தத் திசை இன்றைய திசைக்கு நேர் எதிராக இருந்ததும் இந்தப் பழமையை உறுதிசெய்தது.

2018 ஜனவரி இறுதியில் ‘நேச்சர்’ இதழில் இரண்டாவது கட்டுரை வந்தது. மேல் அடுக்குகளில் கைக்கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே திட்டமிட்டுச் சிறு செதில்களைப் பெயர்க்கும் லெவலுவா முறை தோன்றுவதை அது காட்டியது. இது இடைப் பழைய கற்காலத்தின் அடையாளம். இந்த மாற்றம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் அறிஞர்கள் ஒளிர்வுக் காலக்கணிப்பு முறையில், மண் துகள்கள் கடைசியாகச் சூரிய ஒளியைக் கண்ட காலத்தைக் கணித்து இதைக் கண்டறிந்தனர். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கருவிகள் 7,000க்கும் மேல்.

இந்த முடிவு வந்தபோது ‘முதல் மனிதன் தமிழ்நாட்டில்தான் தோன்றினான்’ என்ற பேச்சு பரவியது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. எனவே கருவிகளைச் செய்தவர்கள் எந்த மனித இனத்தவர் என்று சொல்ல முடியாது. இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம், நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்தபோதுதான் இந்தியாவுக்கு வந்தது என்ற பழைய கருத்தை இந்தச் சான்று அசைத்துவிட்டது. அவ்வளவே. அதுவே பெரிய செய்திதான், மிகைப்படுத்தல் தேவையில்லை.

விலங்குகளின் சுவடுகள் மிகக் குறைவு. சில பல் புதைபடிவங்கள் மட்டுமே கிடைத்தன. அவற்றுள் குதிரை இனத்தின் பல்லும் மாட்டினத்தின் பல்லும் உண்டு. களிமண்ணில் குளம்புத் தடங்களாகக் கருதப்படும் குழிவுகளும் காணப்பட்டன. புல்வெளியும் ஈரநிலமும் கலந்த திறந்த நிலப்பரப்பு ஒன்று அங்கே இருந்ததை இவை உணர்த்துகின்றன. அடர்ந்த காட்டில் மந்தையாகக் குதிரை மேயாது.

குடியம் குகை

குடியம் கிராமத்திலிருந்து காப்புக்காட்டின் வழியே சில கிலோமீட்டர் நடந்தால் குகை வரும். குகை என்ற சொல் சற்று மிகை. முன்புறம் முழுவதும் திறந்து, மேலே பாறை கூரைபோல் நீண்டிருக்கும் பாறை ஒதுங்கிடம் இது. உயரமும் அகலமும் ஒரு கோயில் மண்டபத்தை நினைவூட்டும். இதுபோன்ற ஒதுங்கிடங்கள் இக்குன்றுகளில் பத்துக்கும் மேல் உள்ளன. பூட்டும் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஊர்மக்கள் இங்கு அம்மனை வைத்து வழிபடுகின்றனர்.

ஆதிமனிதனின் வீடு என்று குடியத்தைப் பலரும் எழுதுகின்றனர். 1962 முதல் 1964 வரை கே. டி. பானர்ஜி இங்கு அகழ்ந்தபோது கைக்கோடரிக் காலம் முதல் நுண்கற்கருவிக் காலம் வரையிலான பொருள்கள் வரிசையாகக் கிடைத்தன. ஆனால் எண்ணிக்கை குறைவு. மக்கள் இடைவிடாமல் குடியிருந்த இடமாக இது தெரியவில்லை. மழைக்கும் வெயிலுக்கும் வந்து ஒதுங்கிச் சென்றிருக்கலாம். அவர்கள் பெரும்பாலும் வாழ்ந்தது ஆற்றோரத் திறந்த வெளியில்தான்.

குகையின் கூரையில் மலைத்தேனீக்களின் பெரிய அடைகள் தொங்குகின்றன. சத்தமும் புகையும் வாசனைத் திரவியமும் அவற்றைக் கிளப்பிவிடும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியும் வழிதெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் தேவை. குடிநீர் உள்ளே கிடைக்காது.

இன்றைய காடும் உயிர்களும்

சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய காட்டு வகை ஒன்று உண்டு. தாவரவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். மழை குறைவாக இருந்தும் இலை உதிர்க்காத, குட்டையான, தடித்த இலைகளைக் கொண்ட மரங்களே இதன் அடையாளம். வீரை, உலக்கைப் பாலை, காட்டெலுமிச்சை, களா, காரை, சூரை போன்றவை இவ்வகைக்குரியவை. மரம் வெட்டும் இடமெல்லாம் இது முட்புதராகச் சிதைந்துவிடும். திருவள்ளூர்ப் பகுதியில் இன்று காண்பதில் பெரும்பகுதி அப்படிச் சிதைந்த நிலையே. ஈச்சம்புதர், ஆவாரை, வெப்பாலை ஆகியவற்றோடு சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் புகுந்துவிட்டன.

சிதைவுக்குக் காரணம் தேடினால் சென்னை நகரத்தின் அடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். பெருகிவந்த நகரத்துக்கு விறகும் கரியும் சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்தே சென்றன. 1856இல் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்திய இரயில் இஞ்சின்கள் நெடுங்காலம் விறகைத் தின்றன. அந்தத் தேவைக்காகவே கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. இரயில் தொடங்கிய அதே 1856இல் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காடு என்ற எல்லைக்கோடு இச்சட்டத்தின் பிள்ளை. எஞ்சிய மரங்களை அது காத்தது உண்மை. காட்டை நம்பி வாழ்ந்தவர்களை வெளியாள் ஆக்கியதும் அதே கோடுதான்.

நல்ல நிலையில் உள்ள உலர் பசுமைமாறாக் காட்டைப் பார்க்க வேண்டுமானால் பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக்குத்தான் செல்ல வேண்டும். 1971 முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. ஏவுதளத்துக்காகப் போட்ட வேலி ஒரு பெரிய காட்டையும் சேர்த்துக் காத்துவிட்டது. இது யாரும் திட்டமிடாத நன்மை.

குடியம் காட்டில் பெரிய விலங்குகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். நரி, முயல், கீரி, காட்டுப்பன்றி, குரங்கு ஆகியவையே இவ்வட்டாரப் புதர்க்காடுகளுக்குரியவை. பறவைகளும் ஊர்வனவும்தான் செழிப்பு. மயில், கௌதாரி, செம்போத்து ஆகியவற்றின் குரலைக் காலையில் கேட்கலாம். ஆறுமணிக்குருவி மழைக்காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து வலசை வரும். சருகு கிளறி இரை தேடும் இந்தப் பறவை விடியலிலும் அந்தியிலும் கத்துவதால் இப்பெயர் பெற்றது. பூண்டி நீர்த்தேக்கத்தில் நீர் நிற்கும் மாதங்களில் கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, நாரை, சிறகி இனங்களைக் காணலாம். கிழக்கே பழவேற்காட்டில் பூநாரைகள் கூட்டமாக இறங்குகின்றன. அந்த ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாக உள்ளது.

இக்காட்டை நன்கு அறிந்தவர்கள் இருளர் மக்கள். பாம்பின் தடம், எலிவளை, புற்று, மூலிகை ஆகியவற்றைப் பற்றிய அவர்களுடைய அறிவு எந்த நூலிலும் முழுமையாக இல்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வணிகம் நின்றபோது அவர்கள் பிழைப்பு முடங்கியது. 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்து மருந்துக்கு அனுப்பும் வழியைத் திறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. ஆனால் அச்சங்கம் இருப்பது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில். திருவள்ளூர் மாவட்ட இருளர்களில் பலருக்குக் கிடைத்தது செங்கற்சூளையும் அரிசி ஆலையும்தான். முன்பணம் வாங்கி அதற்கு ஈடாகக் குடும்பத்தோடு உழைத்தவர்கள் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் மீட்கப்பட்ட செய்திகள் பிற்காலத்திலும் தொடர்ந்து வந்தன.

நீரைத் தேடிய நகரம்

சென்னையின் தாகம் இந்த ஆற்றங்கரையை மிகவும் மாற்றியது. நகர மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் பூண்டியில் அணை கட்டும் பணி தொடங்கியது. 1944இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் அதைத் திறந்து வைத்தார். சத்தியமூர்த்தி அதைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தேங்கிய நீரில் மூழ்கியவற்றுள் திருவெண்பாக்கம் என்ற பாடல் பெற்ற தலமும் ஒன்று. பார்வை இழந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லப்படும் தலம் இது. ஊன்றீசுவரருக்குப் பூண்டியில் புதிதாகக் கோயில் எழுப்பப்பட்டது.

1983இல் கையெழுத்தான தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நதிநீர் கண்டலேறு – பூண்டிக் கால்வாய் வழியே 1996இல் இங்கு வந்து சேர்ந்தது. பூண்டிக்குக் கீழே ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீரையும் நகரம் விட்டு வைக்கவில்லை. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இறைக்கப்பட்டது. உழவர்களும் இறைத்தனர், ஆலைகளும் இறைத்தன. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. மணல் அள்ளுவது இதை மேலும் கெடுத்தது. மணல்தான் மழைநீரைப் பிடித்து நிலத்துக்குள் அனுப்பும் கடற்பஞ்சு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தின்போது அங்கே எண்ணெய் பரவி, மீனவர் வலைகளும் கூழைக்கடாக்களின் சிறகுகளும் கறுத்தன.

தொல்லியலுக்கும் இதில் பெரும் இழப்பு உண்டு. சரளை தோண்டும்போதும், மனைக்காக நிலத்தைச் சமப்படுத்தும்போதும் கருவிகள் புதைந்த அடுக்கு கலைந்துபோகிறது. ஒரு கைக்கோடரியின் மதிப்பு அதன் வடிவத்தில் பாதிதான். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பதே மீதிப் பாதி. மேலே சொன்ன 15 இலட்சம் ஆண்டுக் கணக்கு முழுவதும் அந்தக் கிடையை நம்பியே நிற்கிறது. இடம்மாறிய கல்லுக்கு வயது சொல்ல எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது. ஆகையால் பார்வையாளர் நினைவுப்பொருளாக ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்வதும் சிறு தவறல்ல. எடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும், அந்த ஓடைகளில் கற்கள் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படும்.

கருவிகளைக் கையால் தொடாமல் அருகில் காண வேறு வழி இருக்கிறது. பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் 1985 முதல் இயங்கி வருகிறது. கைக்கோடரி, பிளக்கும் கருவி, சுரண்டி, நுண்கற்கருவி என இவ்வட்டாரக் கற்கருவிகள் அங்கு காட்சிக்கு உள்ளன. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனால், காலடியில் கிடப்பவற்றுள் எது வெறும் கல், எது கருவி என்று ஓரளவு பிடிபடும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் செல்வது நல்லது. மழை விட்டிருக்கும், வலசைப் பறவைகள் இருக்கும், ஆற்றிலும் நீர் இருக்கலாம்.